கேளுங்கள், சொல்கிறோம்: ட்ரோன் பழகுபவர்களுக்கு

கேள்வி: பத்தாவது படிக்கும் மகனுக்கு 100 கிராம்கூட வராத சின்ன ட்ரோன் வாங்கிக் கொடுத்தோம். கூடவே வந்த ப்ரொப்பல்லர் கார்டை (இறக்கையைச் சுற்றி மாட்டும் காப்பு வளையம்) மாட்டினால் காற்று அடித்துக்கொண்டு போகிறது. கழற்றினால் இறக்கை ஒடிகிறது. எப்படிப் பழகுவது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: கார்டோடுதான் பழக வேண்டும். மாற்ற வேண்டியது பறக்கவிடும் நேரத்தை. கார்டு காற்றுக்குப் பாய் விரித்ததுபோல நிற்கும். ஆடிக்காற்றில் அதை வெளியே எடுக்காதீர்கள். தென்னங்கீற்று அசையாத விடியற்காலையே சரியான நேரம். கூடுதல் எடையால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பழகும் காலத்தில் அது பெரிய நஷ்டமில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு கார்டை மாட்டுங்கள். ஒவ்வொரு இறக்கையையும் விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக்கூடாது. ஒரு கார்டு உடைந்தால் மீதி மூன்றோடு பறக்கவிட வேண்டாம்: எடை கூடிய பக்கத்து மோட்டார்கள் அதிகம் உழைத்துச் சூடேறும். மோட்டாருக்கு அடியில் திருகும் வகையென்றால் ஸ்க்ரூ நீளத்தைக் கட்டாயம் பாருங்கள். நீளம் அதிகமானால் உள்ளே செப்புக்கம்பிச் சுற்றில் முட்டி மோட்டார் எரிந்துவிடும். மாட்டியதும் 30 விநாடி மிதக்கவிட்டு, இறக்கி, மோட்டார்களைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே ஏதோ உரசுகிறது.

கார்டு சுவரில் பட்டதும் பதற்றத்தில் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்) ஏற்றுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. ட்ரோன் சுவரோடு ஒட்டியே ஏறிக் கவிழும். திசை ஸ்டிக்கைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். விலகவில்லையென்றால் த்ராட்டிலை முழுக்க இறக்கிவிடுங்கள். இறக்கை சிக்கிய நிலையில் மோட்டார் ஓடினால் எரிய அதிக நேரம் ஆகாது. இன்னொன்று: பாதி வளைய கார்டு பக்கவாட்டு மோதலை மட்டுமே தாங்கும். மேலும் கீழும் திறந்தே இருப்பதால் சின்னப் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

அறுவடை முடிந்த வயல் காலியாகக் கிடக்கிறது என்று இறங்கிவிட வேண்டாம். உளுந்து முளைத்திருக்கும், தாள்கட்டையும் இறக்கையைப் பிடிக்கும். நெல் காயாத நாளில் சிமென்ட் களம்தான் அருமையான இடம்.

எப்போது கழற்றலாம்? ட்ரோனின் முன்பக்கம் தன்னைப் பார்த்திருக்கும்போது இடம் வலம் மாறிவிடும். அந்த நிலையிலும் ஒரு பேட்டரி தீரும்வரை ஒரே இடத்தில் நிறுத்தத் தெரிந்துவிட்டால், நாலையும் சேர்த்துக் கழற்றட்டும்.

கேள்வி: என் ட்ரோன் 249 கிராம். கார்டு மாட்டினால் சட்டப்படி வகை மாறுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மாறும். 2021 ட்ரோன் விதிகள் சுமையோடு சேர்த்த மொத்த எடையைத்தான் கணக்கிடுகின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. கார்டு, பேட்டரி எல்லாவற்றோடும் டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் போனால் எடை எதுவானாலும் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பாருங்கள். அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. சிவப்பு மண்டலத்தில் அனுமதியில்லாமல் எதையும் ஏற்றக்கூடாது.

கேள்வி: கொள்ளிடத்து மணலில் இறக்கியதிலிருந்து மோட்டார் கரகரக்கிறது. கார்டு இருந்தும் ஏன்?
– வாசகர், திருவையாறு

பதில்: கார்டு மணலைத் தடுக்காது. ஆற்று மணலில் இருக்கும் கரும்பொடி இரும்புச்சத்து உள்ளது. மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓட்டாமல் நிறுத்திவையுங்கள். செலோடேப்பைச் சின்னத் துண்டாக மடித்து, இடுக்கில் விட்டு ஒற்றி எடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், இன்னும் மணல் சேரும். அடுத்த முறை தார்ப்பாய் விரித்து அதன்மேல் இறக்குங்கள்.