கறுப்பின மாணவர்களுக்குத் தனிப் பத்திரிகையாளர் சங்கம் எதற்கு?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எல்லோரும் ஒரே வகுப்பில்தானே இதழியல் படிக்கிறார்கள், கறுப்பின மாணவர்களுக்கு மட்டும் தனிச் சங்கம் வைப்பது பாகுபாடு ஆகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. அங்கே படித்தவள், அந்தக் கூட்டங்களுக்குத் தோழியோடு போனவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1939-ல் லூசில் புளூஃபோர்டு என்ற பெண் மிசூரி பல்கலைக்கழகத்தில் முதுகலை இதழியலுக்கு விண்ணப்பித்தார். மதிப்பெண்களைப் பார்த்து இடம் கொடுத்தார்கள். சேர வந்தவரைப் பார்த்ததும், கறுப்பினப் பெண் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை, திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார், வழக்கும் போட்டார். 1942-ல், போர்க்காலத்தில் மாணவர்கள் குறைவு என்று காரணம் சொல்லி, அந்த முதுகலைப் படிப்பையே மூடினார்கள்! கான்சஸ் சிட்டியின் 'தி கால்' பத்திரிகைக்கு ஆசிரியராக உயர்ந்த அவருக்கு, 1989-ல் அதே பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1968-ல், இனக் கலவரங்களின் காரணங்களை ஆராய அமெரிக்க அரசு அமைத்த கெர்னர் ஆணையம் அறிக்கை கொடுத்தபோதும், நாட்டின் செய்திப் பிரிவு ஊழியர்களில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு. 1975-ல் வாஷிங்டனில் 44 பேர் கூடித் தேசியக் கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கும் குழுக்களில் பல அதன் மாணவர் கிளைகள்தான்.

சரி, கூட்டத்தில் என்ன நடக்கும்? பயோடேட்டா திருத்துவார்கள், மாணவர்கள் எடுத்த செய்தி வீடியோக்களைப் போட்டுப் பார்த்து, "முதல் பத்து விநாடியில் உன் முகமே வரலையே" என்று வெட்டச் சொல்வார்கள். ஒரு நாள் ஒரு மாணவி, பின்னல் முடியோடு கேமரா முன் நின்றால் டிவியில் வேலை கிடைக்குமா என்று கேட்டாள். அன்று வந்திருந்த செய்தியாளர், தன்னை முடியை நேராக்கச் சொன்ன மேலதிகாரியிடம் எப்படிப் பேசினார், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். இதை எந்தப் பேராசிரியரிடம் போய்க் கேட்பது?

இன்னொன்று, இந்தத் தொழிலில் பல வேலைகள் தெரிந்தவர் மூலமாகத்தான் காதுக்கு வருகின்றன. வீட்டில் பத்திரிகைக்காரர் யாரும் இல்லாத பிள்ளைக்கு அந்த "தெரிந்தவர்" இங்கேதான் கிடைக்கிறார். சங்கத்தின் வருடாந்திர மாநாட்டில் செய்தி நிறுவனங்கள் நேரில் வந்து ஆள் எடுக்கின்றன. அதற்குப் போகும் செலவுக்காகவே மாணவர்கள் மாதக்கணக்கில் நிதி திரட்டுவார்கள்.

என்னை அங்கே ஒருவர்கூட ஏன் வந்தாய் என்று கேட்டதில்லை. நீங்கள் அமெரிக்காவில் இதழியல் படிக்கப் போவதாக இருந்தால், ஒரு கூட்டத்துக்காவது போய் உட்கார்ந்து பாருங்கள்.