பி.டி. டீச்சர் பதில்கள்: கோல்ஃப் பெண்களும் பரிசுப் பணமும்

சென்ற இதழில் பெண்கள் கோல்ஃப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். கபடி, கோகோ பற்றி எழுதும்போதுகூட இத்தனை கடிதங்கள் வந்ததில்லை. பெரும்பாலான கடிதங்கள் பணத்தைப் பற்றித்தான் கேட்கின்றன. கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் இந்த இதழ் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் வாசகர்: பெண்கள் கோல்ஃபில் ஜெயித்தவருக்கு 24 லட்சம் டாலர் என்று எழுதியிருந்தீர்கள். அச்சில் ஒரு சைபர் கூடிவிட்டதா டீச்சர்?

இல்லை, கணக்கு சரிதான். 2025இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், எரின் ஹில்ஸ் மைதானத்தில் நடந்த யு.எஸ். பெண்கள் ஓப்பன் போட்டி அது. ஸ்வீடனைச் சேர்ந்த மாயா ஸ்டார்க் ஜெயித்தார். மொத்தப் பரிசு 1 கோடியே 20 லட்சம் டாலர். அதில் ஐந்தில் ஒரு பங்கு முதலிடத்துக்கு. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 20 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. நாலு நாள், நாளுக்கு 18 குழி, ஆக 72 குழி. எல்லாக் குழிக்கும் சேர்த்து யார் குறைவான அடிகளில் முடிக்கிறாரோ அவர்தான் வெற்றி.

மண்டிக்காரர் கேட்டதால் ஒன்று சொல்கிறேன். லோடு விற்ற பணம் அப்படியே லாபம் ஆகிவிடாது அல்லவா? இதுவும் அதே மாதிரிதான். பை தூக்கி, தூரம் கணித்து, கூடவே நடக்கிற ‘கேடி’ என்ற உதவியாளருக்குப் பங்கு உண்டு. விமானம், தங்குமிடம், பயிற்சியாளர் எல்லாம் ஆடுபவரின் சொந்தச் செலவு. வரி தனி. அதே 2025இல் ஆண்கள் யு.எஸ். ஓப்பனில் மொத்தப் பரிசு 2 கோடியே 15 லட்சம் டாலர், முதலிடத்துக்கு 43 லட்சம். போட்டியை நடத்தும் சங்கம் ஒன்று, குழிகளின் எண்ணிக்கை ஒன்று, நாலு நாள் வெயிலும் ஒன்று. இந்த இடைவெளியை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் 2021இல் பெண்களுக்கான மொத்தப் பரிசு 55 லட்சம் டாலர்தான். 2022இல் அது 1 கோடியானது. ஒரே வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஊத்தங்கரை மாணவி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பெண்கள் கோல்ஃபின் ‘மேஜர்’ போட்டிகள் எத்தனை, எவை?

மேஜர் என்றால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிக்கப்படும் போட்டிகள். இப்போது ஐந்து. யு.எஸ். பெண்கள் ஓப்பன் 1946இல் தொடங்கியது. பெண்கள் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் 1955இல். செவ்ரான் சாம்பியன்ஷிப் 1972இல் தொடங்கி 1983இல் மேஜர் தகுதி பெற்றது. பிரான்சில் நடக்கும் எவியான் 1994இல் தொடங்கி 2013இல் மேஜர் ஆனது. பிரிட்டனின் பெண்கள் ஓப்பன் 1976இல் தொடங்கி 2001இல் மேஜர் ஆனது. தொடங்கிய ஆண்டும் மேஜர் ஆன ஆண்டும் வேறு வேறு என்பதைக் கவனித்துப் படி. வெஸ்டர்ன் ஓப்பன், டைட்டில்ஹோல்டர்ஸ், கனடாவின் டு மாரியர் ஆகியவையும் ஒரு காலத்தில் மேஜர்களாக இருந்தவை. அதனால்தான் பாட்டி பெர்க் என்ற அமெரிக்கர் 15 மேஜர்கள் வென்றவராகப் பட்டியலில் முதலில் நிற்கிறார். அந்த 15இல் பெரும்பகுதி இன்று மேஜர் வரிசையில் இல்லாத போட்டிகள்.

பென்னாகரம் வாசகர்: ஆரம்பத்தில் பெண்களுக்கு யார் பணம் போட்டார்கள்?

முதல் யு.எஸ். பெண்கள் ஓப்பன் 1946இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்ற ஊரில் நடந்தது. இப்போது சொன்னேனே, அதே பாட்டி பெர்க்தான் ஜெயித்தார். பரிசு 5,600 டாலர். ஆனால் ரொக்கமாக இல்லை, போர்க்காலக் கடன் பத்திரமாக. பதினோரு வருடம் கழித்து, 1957இல் அதே போட்டியின் முதல் பரிசு எவ்வளவு தெரியுமா? 1,800 டாலர். வருடம் போகப்போகப் பரிசு தானாக ஏறிவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

1950இல் 13 பெண்கள் சேர்ந்து எல்.பி.ஜி.ஏ. என்ற தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகக் காரில் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். மைதானத்தைத் தயார் செய்வது, விதிகளைப் பார்த்துக்கொள்வது, பத்திரிகைக்காரர்களிடம் பேசி ஆள் சேர்ப்பது என்று எல்லா வேலையும் செய்துவிட்டு அப்புறம் போட்டியிலும் ஆடினார்கள். அந்த 13 பேரில் ஒருவர் பேப் ஸஹாரியாஸ். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தடை ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் தங்கம், உயரம் தாண்டுதலில் வெள்ளி வாங்கியவர். 1953இல் குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த வருடமே யு.எஸ். பெண்கள் ஓப்பனை 12 அடி வித்தியாசத்தில் வென்றார். நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் வயிற்றுவலி என்று ஒதுங்கி உட்காரும் பெண்களிடம் இந்தக் கதையைச் சொன்னது கிடையாது, அவர்கள் வலி அவர்களுக்கு. விளையாட்டு பையன்களுக்குத்தான் என்று சொன்ன பெரியவர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பெரிய பணம் எங்கிருந்து வந்தது என்றால், பற்பசையிலிருந்து வந்தது. நம் வீட்டு மாடத்திலும் இருக்கிற கோல்கேட்தான். 1972இல் அந்தக் கம்பெனி, டைனா ஷோர் என்ற பாடகி பெயரில் கலிஃபோர்னியாவில் ஒரு போட்டியை ஆரம்பித்தது. மொத்தம் 1,10,000 டாலர். ஜெயித்த ஜேன் பிளாலக்குக்கு 20,000. அன்றைய பெண்கள் கோல்ஃபில் அவ்வளவு பெரிய தொகையை யாரும் வைத்ததில்லை. டைனா ஷோர் டிவியில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். பற்பசை வாங்குவது பெண்கள். அந்தக் கணக்கில்தான் பணம் வந்தது, அதில் தப்பேதும் இல்லை. இப்போது செவ்ரான் சாம்பியன்ஷிப் என்கிறோமே, அதன் பழைய பெயர்தான் அந்த டைனா ஷோர் போட்டி.

தருமபுரியில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வாசகி: கோல்ஃபில் ஆடுகிறவர்களே கணக்கு எழுதிக்கொள்கிறார்களாமே. எழுதியது தப்பாகிவிட்டால்?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று எழுத ஆளுக்கொரு அட்டை உண்டு. கூட ஆடுகிறவர் உங்கள் அட்டையை எழுதுவார், நீங்கள் அவர் அட்டையை எழுதுவீர்கள். முடிந்ததும் உங்கள் அட்டையை நீங்கள் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். 1957இல் நியூயார்க் பக்கத்தில் விங்டு ஃபுட் மைதானம். யு.எஸ். பெண்கள் ஓப்பனின் கடைசிச் சுற்று. ஹவாய் தீவுக்காரரான ஜாக்கி பங் 298 அடிகளில் முடித்தார். அடுத்திருந்த பெட்ஸி ரால்ஸ் 299. ஒரு அடி வித்தியாசத்தில் ஜாக்கி பங் ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆனால் நாலாவது குழியில் அவர் அடித்தது 6. அட்டையில் இருந்தது 5. கூட ஆடிய பெட்டி ஜேம்சனுக்கும் அதே குழியில் அதே தவறு. அட்டையில் எழுதியிருந்த மொத்தக் கூட்டல் சரியாகவே இருந்தது. ஒரு அடியும் மறைக்கப்படவில்லை. ஆனால் விதி கேட்பது கூட்டுத்தொகையை இல்லை, ஒவ்வொரு குழிக்கும் எதிரே இருக்கும் எண்ணை. அடித்ததைவிடக் குறைவான எண்ணில் கையெழுத்துப் போட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். ஜாக்கி பங் நீக்கப்பட்டார். கோப்பை ரால்ஸிடம் போனது.

அந்த கிளப் உறுப்பினர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அங்கேயே அவருக்காகப் பணம் திரட்டினார்கள். சேர்ந்த தொகை முதல் பரிசான 1,800 டாலரைவிட அதிகம். நீங்கள் கணக்கு எழுதுகிறவர், பேரேட்டில் ஒரு வரி தப்பாக இருந்தாலும் கடைசிக் கூட்டல் ஒத்துப்போகலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரிதான் அவருடைய பட்டம். மாவட்டத் தடகளப் போட்டிகளில் நீளம் தாண்டுதலுக்கு நான் நின்றால், பதிவு செய்த தாளை முதலில் மாணவியின் கையில் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். அதற்கு அப்புறம்தான் மேஜைக்குப் போகும். நேரம் ஆகிறது என்று சக ஆசிரியர்கள் சத்தம் போடுவார்கள், போடட்டும்.

ஓசூர் வாசகர்: நம் பக்கத்துப் பெண்கள் யாராவது இந்த மேஜர்களில் ஆடுகிறார்களா?

உங்கள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கிறது பெங்களூரு. அதிதி அசோக் அந்த ஊர்ப் பெண்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 18 வயதில் ஆடினார், அப்பா பை தூக்கினார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அம்மா பை தூக்கினார். அங்கே நாலாவது இடம், ஒரே ஒரு அடியில் பதக்கம் போயிற்று. அன்று சனிக்கிழமை விடியற்காலையிலேயே எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் டிவி ஓடியது. அதுவரை கோல்ஃப் பந்தைக் கண்ணால் பார்க்காத வீடுகள் அவை. மேஜர்களில் அவர் தொடர்ந்து ஆடிவருகிறார். செவித்திறன் குறைந்த, இடது கை ஆட்டக்காரரான தீக்ஷா டாகரும் டோக்கியோவில் ஆடினார், செவித்திறன் குறைந்தோருக்கான ஒலிம்பிக்கில் தங்கமும் வாங்கியிருக்கிறார். மேஜர் கோப்பை இன்னும் நம் பெண்கள் யார் கைக்கும் வரவில்லை.

வரும் என்று நான் நம்புகிறேன். தென் கொரியாவைப் பாருங்கள். 1998இல் பொருளாதார நெருக்கடியில் அந்த நாடு தவித்துக்கொண்டிருந்தது. அந்த ஜூலையில் 20 வயது செ ரி பாக், யு.எஸ். பெண்கள் ஓப்பனின் கூடுதல் சுற்றில் கடைசிக் குழியில் தண்ணீர் ஓரத்தில் பந்தை விட்டுவிட்டார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வைத்துவிட்டு, குளத்தில் இறங்கி நின்று அடித்தார். வெயிலில் கறுத்த கால், கணுக்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளையாக இருந்தது. அவர் எத்தனை மணி நேரம் மைதானத்தில் நின்றிருப்பார் என்பதை அந்தப் பாதம் சொன்னது. வழக்கமான 72, கூடுதல் சுற்றில் 18, அதிலும் சமமாக நின்றதால் இன்னும் 2, ஆக மொத்தம் 92 குழிகள் ஆடி ஜெயித்தார். அதை வீட்டில் டிவியில் பார்த்த சிறுமிகளில் ஒருத்தி இன்பீ பார்க். பத்து வருடம் கழித்து, 2008இல், 19 வயதில் அதே கோப்பையை வாங்கினாள். என் வீட்டில் ஓட்டப்பந்தயக்காரப் பெண்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் கணுக்காலில் அதே கோடு இருக்கும்.

அரூரிலிருந்து ஒரு தாய்: என் மகள் கபடி ஆடுகிறாள். வேன் வைத்துப் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் எல்லாம் கைக்காசுதான். கோல்ஃபிலும் தோற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாதா?

அம்மா, பெரும்பாலான போட்டிகளில் கிடையாது. யு.எஸ். பெண்கள் ஓப்பனில் 156 பேர் தொடங்குவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் முதல் 60 இடங்களும் அதே எண்ணிக்கையில் நிற்பவர்களும் மட்டும் மேலே போவார்கள். மற்றவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும். இதைத்தான் ‘கட்’ என்கிறார்கள். ஆனால் 2025இல் அந்தப் போட்டியில் கட் தவறிய தொழில்முறை ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 10,000 டாலர் கொடுத்தார்கள். 24 லட்சத்தைவிட எனக்கு இந்த 10,000தான் பெரிய செய்தி. முதல் பரிசு ஒரு பெண்ணை உயர்த்தும். இந்தப் பணம் எத்தனையோ பெண்களை அடுத்த வாரப் போட்டிக்கு டிக்கெட் எடுக்க வைக்கும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், தொண்ணூறுகளின் நடுவில் பாலக்கோடு பக்கத்தில் ஒரு ஊர்த் திருவிழாக் கபடிக்கு எங்கள் பள்ளி அணியைக் கூட்டிப் போனேன். ஆண்களுக்கு முதல் பரிசு 5,001 ரூபாயும் கேடயமும். பெண்கள் பிரிவில் நாங்கள் ஜெயித்தோம். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள், அதுவும் மேடையில் இல்லை, மைக் செட் கழற்றும்போது. எங்கள் அணியில் பாடிப் போகிற பெண் ஒருத்தி, ஒல்லியாக, கால் தரையில் படுவதே தெரியாது. மறுவாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வாசலில் தக்காளிக் கூடைகள் அடுக்கியிருந்தன. அவள் அப்பா கோபப்படவில்லை. “டம்ளரு வச்சிக்கிட்டு என்ன டீச்சர் பண்றது? ரெண்டு நாள் தக்காளி பறிக்கிற கூலி போச்சு, பஸ் காசும் போச்சு” என்றார். அந்த டம்ளரிலேயே எனக்குக் காபி கொடுத்தார்கள். அடியில் ஊர்ப் பெயரும் வருடமும் வெட்டியிருந்தது. அதற்கப்புறம் அவள் ஆடவில்லை. நான் கையிலிருந்து பஸ் காசு கொடுத்திருக்கலாம், மற்ற பெண்களுக்குக் கொடுத்ததும் உண்டு. ஆனால் ஒரு டீச்சரின் சம்பளத்தில் எத்தனை பேரை அப்படி நிறுத்தி வைக்க முடியும்?

உங்கள் மகளை நிறுத்திவிடாதீர்கள். போட்டிக்குப் பேர் கொடுக்கும்போதே, முதல் சுற்றில் வெளியேறும் பெண்கள் அணிக்கு என்ன தருவார்கள் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். வரும் பொங்கலுக்கு உங்கள் அரூர் பக்கத்திலேயே ஒரு போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். தோற்ற அணிக்கும் வேன் வாடகை, மதியச் சாப்பாடு உண்டு என்று நோட்டீசில் அச்சடித்தால்தான் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். நோட்டீஸ் கைக்கு வந்ததும் உங்கள் முகவரிக்கு ஒன்று அனுப்பி வைக்கிறேன்.