வைஃபை பெயரில் விளம்பரம் செய்யலாமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் விளம்பர வாசகத்தையே வைஃபை பெயராக வைத்தால், அருகில் செல்போனைத் திறப்பவர்கள் எல்லோர் கண்ணிலும் அது பட்டு, வாய்வழியாகவும் பரவும் என்று நண்பர் ஒருவர் யோசனை சொல்கிறார். இது முறையா?

பதில்: உங்களுடைய ரவுட்டருக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சூட்டுவதில் தவறேதும் இல்லை. பெயருக்கு 32 பைட்டுகளே இடம் உண்டு. தமிழில் 'கி' என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட்டுகள் செலவாகும் என்பதால், வாசகம் மிகச் சுருக்கமாக இருக்கட்டும்.

ஆனால், 'இலவச வைஃபை' என்று பெயர் வைத்து, நம்பி இணைபவருக்கு இணையம் தராமல் விளம்பரப் பக்கத்தை மட்டும் காட்டுவது ஏமாற்று வேலை என்றே கருதுகிறேன். அந்தச் சொல்லின் கவர்ச்சி சாதாரணமானதன்று. 'ஃப்ரீ பப்ளிக் வைஃபை' என்ற பெயரில், கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாக இணையும் வலையமைப்பில் ஒருமுறை சேர்ந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி, வேறு இணைப்பு கிடைக்காதபோது அதே பெயரைத் தானும் ஒளிபரப்பியதால், இணையமே இல்லாத அந்தப் பெயர் விமான நிலையங்களில் தொற்றுப்போலப் பரவியது. 2008-இல் வந்த மூன்றாம் சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பில்தான் மைக்ரோசாஃப்ட் அதைச் சரிசெய்தது.

பிறருடைய வைஃபை பெயரைச் சூட்டிக்கொள்வது இதைவிடக் கொடியது; கடவுச்சொல் இல்லாத இணைப்புகளைச் செல்போன்கள் பெரும்பாலும் பெயரை வைத்தே அடையாளம் காண்பதால், முன்பு அப்பெயரில் இணைந்தவரின் கருவி, அவர் அறியாமலேயே உங்கள் ரவுட்டருடன் இணைந்துவிடக்கூடும். வாசகத்தைத் துண்டாக்கிப் பல பெயர்களாக ஒளிபரப்பவும் வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் நொடிக்குச் சுமார் 10 அறிவிப்புச் சைகைகள் வெளியாவதால், அக்கம்பக்கத்தாரின் இணைய வேகம் அடிபடும்.