கதேயின் பார்வையில் உலகமும் மனிதனும்: எட்டு வரிகளின் வழியாக

உலகத்தையும் மனித இயல்பையும் ஜெர்மானியக் கவிஞர் கதே எவ்வாறு பார்த்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டே வரிகள் கொண்ட அவருடைய கவிதை ஒன்றிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று கருதுகிறேன். 1780 செப்டம்பரில், இல்மெனாவ் நகருக்கு அருகிலுள்ள கிக்கெல்ஹான் மலையில், ஒரு மரக்குடிலின் சுவரில் அவர் பென்சிலால் எழுதிவைத்த கவிதை அது.

முதலில் சிகரங்கள் அமைதி கொள்கின்றன. பிறகு மரநுனிகளில் மூச்சுக்காற்றளவு அசைவும் தெரிவதில்லை. காட்டில் பறவைகள் அடங்கிவிடுகின்றன. கடைசியில், 'பொறு, விரைவில் நீயும் ஓய்வாய்' என்ற சொல் மனிதனிடம் வந்து சேர்கிறது. கல், மரம், பறவை, மனிதன் என்னும் இந்த வரிசை தற்செயலானதன்று. பாறைகளையும் தாவரங்களையும் பல்லாண்டுகள் ஆராய்ந்த கதே, மனிதனை இயற்கைக்கு வெளியே நிறுத்தவில்லை. ஆயினும் அமைதி அவனுக்குத்தான் கடைசியாக வாய்க்கிறது. 'முயலும் வரை மனிதன் தவறுவான்' என்று கதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்தின் தொடக்கத்தில் இறைவனே சொல்வதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. அங்கே தவறு என்பது சாபமாக ஒலிப்பதில்லை, தேடலோடு கூடவே வருவதாக ஒலிக்கிறது.

1831 ஆகஸ்டில், தம் 82ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், கதே மீண்டும் அந்தக் குடிலுக்குச் சென்றார். சுவரில் இருந்த தம் வரிகளைப் படித்துக் கண்ணீர் விட்டார். கடைசி இரு வரிகளை மட்டும் வாய்விட்டுச் சொன்னார். ஏழு மாதங்களுக்குள், 1832 மார்ச்சில், வைமார் நகரில் மறைந்தார்.