திருட வந்தவனைக் கொன்றால் அது தற்காப்பு ஆகுமா?

"நான் உழைத்து வாங்கிய பொருளைத் திருட வருகிறவனைக் கொன்றால் என்ன தப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் என்றால் நானும் "ஒரு தப்பும் இல்லை" என்றுதான் எழுதியிருப்பேன்.

அப்போது ஆறு மாதத்துக்குள் இரண்டாவது தடவையாக எங்கள் தோட்டத்து மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். புதுசு வாங்கிப் போட எனக்கு ஒன்பதாயிரம் ரூபாய், அந்தத் தாமிரத்துக்குக் காயலான் கடையில் அவனுக்கு அதில் பாதிகூடக் கிடைத்திருக்காது. வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து நிதானமாக மேல்தோலை எரித்துக் கம்பியை மட்டும் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறான், கருகின பிளாஸ்டிக் கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்தது. நாலு நாள் தண்ணீர் இல்லாமல் தக்காளிச் செடி துவண்டுபோனதைப் பார்த்தபோது வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே பயமாக இருக்கிறது.

ஸ்டேஷனுக்குப் போனால் "கேபிளுக்கெல்லாமா எஃப்.ஐ.ஆர் போடுவாங்க?" என்றார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "ராத்திரிக்கு மட்டும் கம்பி வேலிக்குக் கரண்டு குடுத்து உட்ருங்க தம்பி, ஒருத்தன் விழுந்தான்னா அப்புறம் எவனும் வரமாட்டான்" என்றார். செய்துவிடலாம் என்று வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் வேலியை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "நாலரை மணிக்குப் பால் கறக்க வர்றாரே, அவருக்கும் சொல்லி வெச்சிருங்க" என்றார், அவ்வளவுதான். காட்டுப்பன்றிக்கு வைத்த மின்வேலியில் மனிதர்கள் செத்து, தோட்டக்காரரைக் கைது செய்த செய்தி எத்தனை படித்திருப்போம். கம்பிக்கு ஆள் அடையாளம் தெரியாது.

சரி, நேருக்கு நேர் திருடன் வந்தால்? இதில் சட்டம் நாம் நினைப்பதைவிடத் தாராளம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 103ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 41. கொள்ளையடிக்க வருகிறவனை, சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்து நுழைகிறவனை, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைக்கிறவனைத் தடுக்கும்போது அவன் உயிர் போனாலும் அது தற்காப்பு உரிமைக்குள் வரலாம். வெறும் திருட்டு என்றால், தடுக்காமல் விட்டால் சாவோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாகப் பயப்படும் நிலைமை இருக்க வேண்டும். எதுவானாலும் தடுக்கத் தேவையான அளவுக்கு மேலே போகக்கூடாது. அதனால் நடுராத்திரி கதவை உடைத்துக்கொண்டு ஒருவன் கத்தியோடு உள்ளே வந்தால், குழந்தைகள் தூங்கும் வீட்டில், நான் கையில் கிடைத்ததால் அடிப்பேன், எங்கே படுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் நம் ஊர்ப்பக்கம் திருடன் அடிபட்டுச் சாகிற செய்திகளைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். அதில் பலவற்றில் அவன் மாட்டின பிறகுதான் சாகிறான்.

நான் ஒன்றை நேரில் பார்த்தேன். பார்த்தேன் என்றால், நானும் இருந்தேன். பக்கத்து ஊரில் கேபிளோடு ஒரு பையனைப் பிடித்து விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். போனதும் நானும் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன், என் கேபிளை எடுத்தவன் இவன்தானா என்று கேட்கக்கூட இல்லை. திருடின கேபிள் அவன் காலடியிலேயே சுருளாகக் கிடந்தது. சட்டப்படி, பொருள் நம் கைக்குத் திரும்பி வந்த நொடியே அதைக் காக்கும் உரிமை முடிந்துவிடுகிறது (இப்போது பிரிவு 43). அதற்கப்புறம் விழுந்த அடியெல்லாம், என்னுடையதும் சேர்த்து, ஆத்திரத்துக்குப் போட்ட அடி. ஒரு பாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சொம்புத் தண்ணீரை அவன் வாயில் வைத்தார், உதடு வீங்கி அவனால் குடிக்க முடியவில்லை. போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிழைத்துக்கொண்டான், அவ்வளவுதான் அதிர்ஷ்டம். அவனுக்கா எங்களுக்கா என்று தெரியவில்லை.

அட்டப்பாடியில் மது என்ற இளைஞருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கோவை ஆனைகட்டியைத் தாண்டினால் கேரளத்து அட்டப்பாடி. 2018 பிப்ரவரியில் அரிசியும் மளிகையும் திருடினார் என்று சொல்லி அந்தப் பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள் போய்ப் பிடித்து, கையைக் கட்டி, அடித்துக் கூட்டிவந்தார்கள். நடுவில் செல்ஃபி வேறு. போலீஸ் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப்போனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது, 13 பேருக்கு ஏழு வருடம்.

இதே அரிசித் திருட்டு இன்றைக்குக் கோர்ட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும்? சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடம். 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் தடவை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவை மட்டும்தான். நீதிபதியே கொடுக்க முடியாத தண்டனையை ஒன்பதாயிரம் ரூபாய் கேபிளுக்காக நான் கொடுக்கப் பார்த்தேன். போலீஸ் கண்டுகொள்ளவில்லை என்ற கோபம் நியாயமானதுதான், அதற்கு அந்தப் பையன் என்ன செய்வான்?

வேலிக்குக் கரண்டு கொடுக்கவில்லை. கேபிளைக் குழாய்க்குள் விட்டு மூன்றடி ஆழத்தில் புதைத்துவிட்டேன், அதற்குப் பிறகு கேபிள் போகவில்லை. போன மாதம் ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.