கணினி திருத்திய திசுப் படத்தை நம்பலாமா?

கேள்வி: திசுப் பரிசோதனைத் தகடுகளை ஸ்கேன் செய்து, படத்தைக் கணினியில் மெருகேற்றிப் பார்க்கிறார்களாமே? அதனால் நோயறிதல் பிழையாகிவிடாதா?

பதில்: நியாயமான கவலை. திசுவை 3 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள சீவல்களாக வெட்டி, ஹெமட்டாக்சிலின், இயோசின் என்னும் இரு சாயங்களை ஏற்றுவார்கள். முன்னது செல்லின் உட்கருவை நீல ஊதாவாகவும், பின்னது உட்கருவைச் சூழ்ந்துள்ள சைட்டோபிளாசத்தை இளஞ்சிவப்பாகவும் காட்டும். ஒரு பிக்சலுக்கு 0.25 மைக்ரான் என்ற நுட்பத்தில் ஸ்கேன் செய்தால், பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர் கொண்ட சதுரத் திசுவே 360 கோடி பிக்சல்களாக விரியும்.

சாயத்தின் அடர்த்தி ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுவதால், நிறங்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவது முதல் வேலை. 2001இல் ரூயிஃப்ராக், ஜான்ஸ்டன் என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை, ஒவ்வொரு சாயமும் ஒளியை உறிஞ்சும் விதத்தைக் கொண்டு இரண்டையும் தனித்தனிப் படங்களாகப் பிரிக்கிறது. அதன் பின்னரே உட்கருக்களை எண்ணுவது எளிதாகிறது. ஒட்டிக்கொண்டிருக்கும் இரு உட்கருக்கள் இடை சிறுத்த ஒரே உருவாகத் தெரியும். அந்த ஒடுங்கிய இடத்தைக் கண்டு பிரிக்கத் தவறினால் எண்ணிக்கையே பிசகும்.

நீங்கள் அஞ்சும் ஆபத்து, படத்தின் விளிம்புகளைத் தெளிவாக்கும் கூர்மையேற்றல் மிகையாகும்போது உண்மையாகவே இருக்கிறது. அது இல்லாத விளிம்புகளை உண்டாக்கி, சுருங்கி இறந்துபோகும் செல்லின் உட்கருவைப் பிளவுறும் உட்கருவாக எண்ண வைக்கக்கூடும். பிளவுறும் உட்கருக்களின் எண்ணிக்கையையும் கொண்டு புற்றுநோயின் தரத்தைக் கணிப்பதில் இது சிறிய பிழையன்று. ஆகவே மூலப்படம் மாற்றப்படாமல் இருக்க வேண்டும், திருத்தங்கள் நகலில் மட்டுமே செய்யப்பட வேண்டும், ஐயம் எழுந்தால் நோயியல் மருத்துவர் கண்ணாடித் தகட்டையே மீண்டும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும்.