கருமுட்டையின் உறை தடித்திருந்தால் கரு தங்காதா?

*வயது 31. நீர்க்கட்டிப் பிரச்னை உண்டு. ஐவிஎஃப் சிகிச்சையில் 14 முட்டைகள் எடுத்தார்கள். இக்ஸி (விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது) செய்யாமலேயே 9 கருவுற்றன. ஆனால் வைத்த கரு தங்கவில்லை. அறிக்கையில் 'முட்டையின் உறை தடிமன்' என்று இருக்கிறது. மாதவிடாய் வலிக்குப் பல வருடம் மாத்திரை போட்டதால் உறை இறுகிவிட்டதா? இணையத்தில் படித்துவிட்டு டிஹெச்இஏ என்ற ஹார்மோன் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். முட்டை எடுத்த பிறகு நான்கு நாள் வயிறு உப்பி, சிறுநீரும் சரியாகப் போகவில்லை; வலி மாத்திரையில் சமாளித்தேன். அடுத்த மாதம் மறுபடி முட்டை வளர்க்கும் ஊசி ஆரம்பம்.*

உங்கள் மாத்திரை எதையும் இறுக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை இன்றோடு விடுங்கள்.

உங்கள் முட்டைகள் நீங்கள் பிறக்கும் முன்பே உருவானவை. அப்போது அவற்றுக்கு இந்த உறை கிடையாது. பல வருடம் உறங்கிக் கிடக்கும் முட்டை விழித்து வளரத் தொடங்கும்போதுதான், தன்னைச் சுற்றி நான்கு வகைப் புரதங்களைச் சுரந்து, தானே உறையை நெய்துகொள்கிறது. சுற்றியுள்ள செல்கள் மெல்லிய கைகளை அந்த உறைக்குள் நுழைத்து முட்டைக்கு ஊட்டம் கொடுக்கின்றன. முட்டை முதிர்வதற்குள் மாதக்கணக்கில் ஆகிவிடும். அப்போதும் உறையின் தடிமன் சுமார் 15 முதல் 20 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஒரு விந்தணு உள்ளே போனதும் அடுத்தது நுழையாதபடி உறை இறுகும். அது இயற்கையான காவல். ஐந்தாறு நாளில் கரு உறையை உடைத்து வெளியே வந்து கருப்பையில் ஒட்டுகிறது.

உங்கள் 9 முட்டைகளில் விந்தணு தானாகவே துளைத்துப் போயிருக்கிறதே! அப்புறம் எப்படி அது ஆபத்தான உறை? சிலருக்கு மரபணுக் கோளாறால் உறையே உருவாகாது. உங்களுக்கு அது இல்லை. பார்வைக்கு நன்றாகத் தெரியும் கருவும் சில நேரம் தங்காது. பல சமயம் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். லேசரில் உறையைத் திறக்கலாமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும், எல்லோருக்கும் அது தேவையில்லை.

டிஹெச்இஏ வேண்டவே வேண்டாம். அது ஆண் ஹார்மோனாக மாறக்கூடியது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஏற்கெனவே அந்த ஹார்மோன் கூடுதலாக இருப்பது வழக்கம். முகப்பரு, முடி வளர்ச்சியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

என்னைப் பதற வைத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த நான்கு நாள். ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் ரத்தத்திலுள்ள நீர் கசிந்து வயிற்றில் சேரும். ரத்தம் கெட்டியாகும், சிறுநீர் குறையும். நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இந்த அபாயம் அதிகம். அந்த நேரத்தில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஏன் மருத்துவமனைக்கு ஒரு ஃபோன் போடவில்லை?

முதல் ஊசிக்கு முன்பே இதை அவர்களிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்கலாம், முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசியை மாற்றலாம், கருவை உறைய வைத்துப் பிறகு வைக்கலாம். ஊசி நாட்களிலிருந்து தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினாலோ, வயிறு இறுகினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே போய்விடுங்கள். மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.